நாற்பத்து மூன்றாம் குடுவை

அவளுக்கு அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் கைராசிதான். அவள் கை வைத்த தொட்டி ஒருநாளும் கெட்டதில்லை. மற்றவர்கள் ஷிப்டில் தொட்டி பொங்கி வழியும், புளிக்க வேண்டிய நேரத்தில் புளிக்காமல் சண்டித்தனம் செய்யும், காரணமே சொல்லாமல் செத்தும் போகும். அவள் ஷிப்டில் எல்லாம் மணி அடித்தாற்போல் நடக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே. இருபத்து மூன்று வருடம் நின்றபடியே வேலை பார்த்தவளுக்கு வேறு என்ன கிடைத்துவிட்டது?

அங்கே தயாரானது நல்ல கிருமி. டப்பாவில் புரோபயாட்டிக் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, உறையவைத்து, காயவைத்து, பொடியாக்கி, பொட்டலத்திலும் சொட்டு மருந்துக் குப்பியிலும் அடைப்பார்கள். உயிருள்ள ஒன்றைச் சருகாகக் காயவைத்து, பிறகு யாரோ ஒருவர் வயிற்றில் போய் எழுந்து உட்கார் என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. காயவைக்கும்போதே பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் மிரட்டல் என்று ஒரு வேலை வைத்திருந்தார்கள்.

மிரட்டல் என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். உறையவைப்பதற்கு முன்னால் தொட்டியின் சூட்டை நாற்பத்தேழு டிகிரிக்கு ஏற்றி அரைமணி நேரம் வைப்பார்கள். புளிப்பையும் கொஞ்சம் கூடவிடுவார்கள். கிருமி மிரண்டுபோய்த் தன்னைக் காத்துக்கொள்ள உள்ளுக்குள் என்னென்னவோ ஏற்பாடு செய்துகொள்ளும், மேல்தோலைக்கூட மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு தடவை பயந்தது, பிறகு வரும் பெரிய கஷ்டத்தைத் தாங்கிவிடும். "இன்னிக்கு மிரட்டல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்கள் உள்ளே வருவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மேலாளர் யாரையோ திட்டப்போகிறார் என்று நினைத்துப் பதறுவதும் உண்டு.

கைராசி பத்தொன்பது வயதில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்தவள். அந்த வருடம்தான் அம்மா போனாள். அப்பா அதற்கும் முன்னாலேயே எங்கோ போயிருந்தார். கையில் ஏழு வயதுத் தங்கை. காலையில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, சாப்பாடு கட்டிக்கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவருவாள். கழுவும் வேலையிலிருந்து தொட்டி வேலைக்கு வர ஒன்பது வருடம் ஆயிற்று. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சியும் கூட வரலாமா?" வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பரவாயில்லை என்றாள். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் இருந்தாள். தங்கையைப் படிக்கவைத்து ஒரு நல்ல லாரி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தாள். தங்கைக்கு எட்டு வருடம் குழந்தை இல்லை. ஒன்பதாவது வருடம் கரு தங்கியது.

இனி அவள் செய்த தப்பைச் சொல்லவேண்டும். எவ்வளவு தள்ளிப்போட்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒவ்வொரு தடவையும் புதுக் குப்பியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது அங்கே சட்டம். தாய்க் கிருமியைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, எலும்பு உறையும் குளிரில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். ஒரு குப்பியை எடுத்து உடைத்து, குடுவையில் வளர்த்து, அதைத் தொட்டியில் விடவேண்டும். தூங்கி எழுந்த கிருமி சோம்பல் முறித்துத் தொட்டி நிறைய வளர இரண்டு நாள் ஆகும். ஒரு தடவை அவசரமாகச் சரக்குக் கேட்டார்கள். கைராசி யோசித்தாள். முந்தைய தொட்டியிலிருந்து, அதுவும் மிரட்டலைத் தாங்கி நின்றதிலிருந்து, ஒரு குடுவை எடுத்துவைத்திருந்தாள். வீட்டில் தயிருக்கு உறை ஊற்ற நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துவைப்பதில்லையா, அந்த மாதிரி. அதை விட்டாள். பாதி நேரத்தில் தொட்டி தயார். காய்ந்த பிறகும் மற்றதைவிட இரண்டு மடங்கு உயிரோடு இருந்தது. மேலாளர் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

பாராட்டு யாரைத்தான் விட்டது? அடுத்த தடவையும் அப்படியே செய்தாள். அதற்கு அடுத்த தடவையும். புதுக் குப்பியைப் பெயருக்கு எடுத்து, உடைக்காமலே கழிவில் போட்டு அவித்துவிடுவாள். பதிவேட்டில் குப்பியின் எண்ணை முத்துமுத்தாக எழுதிவைப்பாள். குளிர் அறையின் கீழ்த்தட்டில், ஓரமாக, அவளுடைய குடுவை இருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் மூடியில் ஒரு சின்னக் கோடு. ஒன்றேகால் வருடத்தில் நாற்பத்து மூன்று கோடுகள் சேர்ந்துவிட்டன. இதெல்லாம் தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீரியமுள்ளதை விதைக்கு வைப்பது புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தாள். நல்ல கிருமி இன்னும் நல்லதாக ஆகும், வேறென்ன ஆகிவிடும்?

தங்கையின் குழந்தை பத்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. உள்ளங்கையில் தலையும் முழங்கைக்குள் காலும் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடந்தது. மாப்பிள்ளை லாரியோடு நான்கு நாள் தொலைவில் இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தங்கையும்தான்.

பன்னிரண்டாவது நாள், குழந்தைகள் மருத்துவர் வந்து பேசினார். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர்.

"இவ்வளவு சின்னக் குழந்தைங்களுக்குக் குடல் அழுகற நோய் வர வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கப் புரோபயாட்டிக் சொட்டு உதவும். ஆனா ரொம்ப அபூர்வமா அந்தக் கிருமியே ரத்தத்துல கலந்துடறதும் உண்டு. ரெண்டையும் சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் கைராசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் தொழிற்சாலை டப்பா. எண்ணைப் பார்த்தாள். அவள் தொட்டி.

தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, குடுக்கலாமா?"

"அடி போடி, இது நான் என் கையால வளர்த்தது. கண்ணை மூடிக்கிட்டுக் குடு."

தங்கை கையெழுத்துப் போட்டாள்.

இருபத்தோராவது நாள் காலையில் குழந்தை பால் வேண்டாம் என்றது. பத்து மணிக்கு மூச்சு நின்று நின்று வந்தது. செவிலி கால் பாதத்தைத் தட்டித் தட்டி மூச்சுவிட வைத்தாள். ரத்தம் எடுத்தார்கள், சொட்டு மருந்தை நிறுத்தினார்கள், ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தங்கை அழவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றவள் நின்றவள்தான். அப்போதும் கைராசிக்குத் தன் குடுவை நினைவுக்கு வரவில்லை. நல்லதை யாராவது சந்தேகப்படுவார்களா?

இரண்டு நாள் கழித்து மருத்துவர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரத்தத்துல கிருமி வளர்ந்திருக்கு. கோல் மாதிரி நீளமான கிருமி. முதல்ல தோல்ல இருந்து ஒட்டினதா இருக்கும்னு நினைச்சோம். ரெண்டாவது தடவை எடுத்த ரத்தத்துலயும் அதேதான். சொட்டு மருந்துல இருக்கற கிருமிதான்னு நினைக்கிறேன்."

தங்கையின் கை வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தது.

"பயப்படாதீங்க. இது கட்டுப்படாத கிருமி இல்ல. கம்பெனிக்குப் பேசினேன், உடனே தாள் அனுப்பிட்டாங்க. எந்த மருந்துக்கு அடங்கும்னு வரிசையா போட்டிருக்கு. முதல்ல இருக்கற மருந்தை இன்னிக்கே ஆரம்பிக்கிறோம். குழந்தையோட சிறுநீரகம் தாங்கணுமேன்னுதான், ஒண்ணுக்கு மேல குடுக்க வேண்டாம்னு பாக்கறேன். எங்க ஆய்வகத்துலயும் பரிசோதனைக்குப் போட்டாச்சு. இது மெதுவா வளர்ற கிருமி, முடிவு வர மூணு நாளாவது ஆகும்."

மேசைமேல் அந்தத் தாள் இருந்தது. கீழே மேலாளரின் கையெழுத்து, முத்திரை, தேதி. எல்லாம் கச்சிதம். தாளில் இருந்ததில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் அது குப்பியில் உறைந்து தூங்குகிற பழைய கிருமியைப் பற்றியது.

கைராசி தாளின் தேதியை மறுபடி படித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மிரட்டலின்போது தொட்டியின் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு டிகிரியில் கிருமிகள் வளர்ச்சியை நிறுத்தி ஒடுங்கவேண்டும். ஒடுங்கவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் வளர்ந்துகொண்டிருந்தன. 'என் பிள்ளைங்களுக்குத் தைரியம் வந்துடுச்சு' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே சூட்டை நாற்பத்தொன்பதுக்கு ஏற்றினாள். அதையும் பதிவேட்டில் எழுதவில்லை. பயப்படுவதை விட்டுவிட்ட ஒன்று இப்போது அந்த உள்ளங்கை அளவு உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சூட்டுக்கு அஞ்சாதது மருந்துக்கு அஞ்சுமா, அஞ்சாதா? அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தாளுக்கும் தெரியாது.

"ஒரு நிமிஷம், முகம் கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் இரண்டு தடவை நழுவியது.

நியாயம் பேசுவதில் பயத்தை மிஞ்ச ஆள் இல்லை. அது அவளிடம் வரிசையாகப் பேசியது. அதே கிருமிதானே, வேற்றுக் கிருமியா? முதல் மருந்தே கேட்டுவிட்டால்? மூன்று நாளில் ஆய்வகமே சொல்லிவிடுமே, நீ எதற்கு நடுவில்? சொன்னால் தொழிற்சாலைக்குப் பூட்டு, அறுபது குடும்பம் தெருவில். சொன்னால் தங்கை இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிப்பாளா? தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். மறுபடி அடித்துக்கொண்டாள். குழந்தைக்கு மூன்று நாள் இருக்கிறதா என்று மட்டும் அந்தப் பயம் பேசவே இல்லை. அதை அவள் தானாகத்தான் கேட்டுக்கொண்டாள். கேட்டதும் குழாயை மூடினாள்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முதலில் தொழிற்சாலைக்குப் போனால் அவள் வாயை அடைத்துவிடுவார்கள். அதைவிட மோசம், அவளே அடைத்துக்கொள்வாள். அதனால் நேராகத் திரும்பி மருத்துவர் அறைக்கு வந்தாள். தங்கை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"டாக்டர், அந்தத் தாளை நம்பாதீங்க."

"ஏன்?"

"அது பழைய கிருமிக்கு. குழந்தைக்குள்ள இருக்கறது நான் வளர்த்தது. நாப்பத்து மூணு தடவை புதுக் குப்பி எடுக்காம, தொட்டியில தப்பிச்சதையே எடுத்து எடுத்து விட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சூடு, புளிப்பு எல்லாத்தையும் தாங்கினது மட்டும்தான் மிச்சம். கடைசியில சூட்டுக்கே அடங்கல. யாருக்கும் தெரியாது. பதிவேட்டுல பொய் எழுதியிருக்கேன்."

மருத்துவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தக் குடுவை இப்ப இருக்கா?"

"இருக்கு."

"கொண்டு வாங்க. குழந்தை ரத்தத்துல இருந்து வளர்ந்தது கொஞ்சூண்டுதான். உங்ககிட்ட நிறைய இருந்தா எல்லா மருந்தையும் ஒரே நேரத்துல போட்டுப் பாத்துடலாம், நாளைக்கே தெரிஞ்சுடும். அதுவரைக்கும் ரெண்டாவது மருந்தையும் சேர்த்தே ஆரம்பிக்கிறேன். சிறுநீரகத்தைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும். அதை நாங்க பாத்துக்கறோம். நீங்க ஓடுங்க."

தங்கை எழுந்தாள். "அக்கா" என்றாள். சற்றுமுன் அக்காவின் முழங்கையைப் பிடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் போய்விட்டாள். அந்தத் துடைப்பைக் கைராசி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மேலாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் மூணு டிகிரி. தினமும் காலையில் உள்ளே வந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "குளிர் அறை மூணு டிகிரிதானே?" என்று கேட்பார். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. கைராசி அவர் முன்னால் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் இங்க வந்தேன்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒண்ணேகால் வருஷமா? அத்தனை டப்பாவும்? கைராசி, கைராசின்னு உன்னைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினேனே." திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். "அந்தக் குடுவை... மூணு டிகிரியிலதானே இருக்கு?" என்றார். அவருக்கே தான் என்ன கேட்கிறோம் என்று தெரியவில்லை.

குளிர் அறைக்குள் இருவரும் குனிந்து, கீழ்த்தட்டின் ஓரத்திலிருந்து குடுவையை எடுத்தார்கள். அரைக் குடுவைக்குப் பால்நிறத்தில் கலங்கல். நேற்றுவரை அதைப் பார்த்தால் அவளுக்கு வீட்டில் வளர்க்கும் பிராணியைப் பார்ப்பதுபோல் இருக்கும். இன்று கையில் எடுக்கவே உடல் கூசியது. மூடியை இரண்டு தடவை சுற்றி ஒட்டினாள். மேலாளர் பனிக்கட்டிப் பெட்டியில் அதையும், பக்கத்தில் தாய்க் கிருமியின் உடைக்காத குப்பி ஒன்றையும் வைத்தார். "ரெண்டையும் சேர்த்துப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தானே வண்டியை எடுத்தார். வழியெல்லாம் பெட்டி அவள் மடியில் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே குடுவை களுக் களுக் என்றது.

அன்று மாலை முழுவதும், மறுநாள் பகல் முழுவதும் அவள் வராந்தாவின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். மறுகோடியில் தங்கை. நடுவில் பதினொரு நாற்காலிகள். உள்ளே ஏதாவது கருவி கத்தினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். சத்தம் நின்றதும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள்.

மாலை நாலரை மணிக்கு மருத்துவர் வந்து இருவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். மேசைமேல் வட்ட வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் கிருமி படலமாகப் படர்ந்திருந்தது. நடுவில் மருந்தில் தோய்த்த சின்னக் காகித வில்லைகள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் தெளிவாக ஒரு வளையம் விழும்.

"இது குப்பியில இருந்த பழைய கிருமி. முதல் மருந்துக்கு எவ்வளவு பெரிய வளையம் பாருங்க. தாள்ல இருக்கறது சரிதான்." அடுத்த தட்டை நகர்த்தினார். "இது உங்க குடுவை."

முதல் மருந்தின் வில்லையைச் சுற்றி வளையமே இல்லை. படலம் வில்லையின் விளிம்புவரை வந்து, காகிதத்தின்மேல் ஏறவும் பார்த்திருந்தது. இரண்டாவது வில்லையைப் பார்க்கவே கைராசிக்குத் தைரியம் வரவில்லை. தங்கைதான் குனிந்து பார்த்தாள்.

இரண்டாவதைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. சின்னதுதான். ஆனால் தெளிவாக இருந்தது.

"இதை நேத்தே ஆரம்பிச்சுட்டோம்" என்றார் மருத்துவர். "முதல் மருந்தை மட்டும் நம்பி மூணு நாள் உட்கார்ந்திருந்தா..." என்று தொடங்கியவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குழந்தை பிழைத்தது. உடனே இல்லை, பதினொரு நாள் போராடிப் பிழைத்தது. தொழிற்சாலை டப்பாக்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அதே வார்டில் அதே சொட்டைச் சாப்பிட்ட இன்னும் ஐந்து குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் அந்தப் பொடியைச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார்கள். அந்தச் செய்தி கைராசியின் தூக்கத்தைத் திருப்பித் தரவில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள்: குடுவையைத் தானே அவிக்கவேண்டும். மூணு டிகிரி பக்கத்தில் நின்றார். நீராவிப் பெட்டியில் நூற்று இருபத்தோரு டிகிரி, முழுதாக ஒரு மணி நேரம். முடிந்து கதவைத் திறந்த பிறகும், "இன்னொரு தடவை போடலாமா சார்?" என்று கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

தங்கை இரண்டு மாதம் பேசவில்லை. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த செய்திகூட மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. மூன்றாவது மாதம் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. "வா" என்றாள் தங்கை. அவ்வளவுதான்.

கைராசி வாசலில் செருப்பை விட்டதும் நேரே குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். முழங்கைவரை கழுவினாள். மறுபடி தொடங்கினாள். தங்கை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

குழந்தை கட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. கன்னம்கூட வந்திருந்தது. தங்கை அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தரும் இரும்புச்சத்துச் சொட்டு. வேறு ஏதோ தொழிற்சாலை. வேறு யாரோ ஒருத்தியின் கை.

"அக்கா, குடுக்கலாமா?"

கைராசி குப்பியை வாங்கிப் பார்த்தாள். எண்ணைப் படித்தாள், தேதியைப் படித்தாள், மூடியின் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடம் இந்த மாதிரிக் குப்பிகளோடு வாழ்ந்தவளுக்கு, இதற்குள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "டாக்டரைக் கேட்டுட்டுக் குடுப்போம்."

"கேட்டுட்டேன். குடுக்கச் சொல்லிட்டாங்க." தங்கை அவள் கண்ணையே பார்த்தாள். "நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்."

பிறகு குழந்தையைத் தூக்கி அக்காவின் மடியில் கிடத்தினாள். குப்பியைத் திறந்து, சொட்டுக் குழாயை நிரப்பி, அவள் கையில் கொடுத்தாள். குழந்தை வாயைத் திறந்தது. முதல் சொட்டு விழுந்து, தொண்டை அசைந்து, அது உள்ளே இறங்கும்வரை இரண்டு பேரும் மூச்சே விடவில்லை.